பூமாலையிலிருந்து பவானுக்கு

மேட்டூரை அடுத்த கொளத்தூரில் 1980களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இயங்கியது. மத்திய, மாநில அரசுகளுக்குத் தெரிந்தேதான் இயங்கியது. சேலம் மாவட்டத்து மண்ணில் பயிற்சி பெற்ற இயக்கத்தோடுதான் 1987 அக்டோபரில் இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் மோதியது. மனிதாபிமானத்தின் பேரால் அயல்நாட்டுக்குப் படை அனுப்பலாமா என்ற கேள்வி நமக்குத் தொலைதூர விவகாரம் அல்ல.

அந்தத் தலையீட்டின் முதல் அடியை முழுமனதோடு ஆதரிக்கிறேன். 1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெருந்தாக்குதல் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாடு உணவுக்கும் மருந்துக்கும் தவித்தது. நிவாரணப் பொருள்களோடு ராமேசுவரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4 அன்று, 'ஆபரேஷன் பூமாலை' என்ற பெயரில் இந்திய விமானங்கள் வானிலிருந்தே பொருள்களைப் போட்டன. அது இன்னொரு நாட்டின் வான்வெளியை மீறிய செயல்தான். போட்ட உணவு குடாநாட்டுக்குப் போதாது. ஆனாலும் கொழும்பின் கையைத் தடுத்து நிறுத்த அது உதவியது.

கோளாறு ஜூலை 29 ஒப்பந்தத்தில் தொடங்கியது. பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் கையெழுத்திட்டார்கள். யாருடைய உயிரும் நிலமும் பேசப்பட்டனவோ அந்தத் தமிழர் தரப்பில் ஒருவர் கையெழுத்தும் இல்லை. ஒப்பந்தத்தின் பேரில் உயிர் காக்கப் போன இந்தியப் படை, புலிகளின் ஆயுதம் களையும் படையாக மாறியது. அடுத்து வந்தது புலிகளுக்கு எதிரான 'ஆபரேஷன் பவான்'. அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். மக்கள் நடுவே நின்று போரிட்ட புலிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் காப்பாற்ற வந்தேன் என்று சொன்ன படைக்கு அது விலக்கு ஆகாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

1971இல் கிழக்கு வங்கத்தில் இந்தியா தலையிட்டது வேறு கதை. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். தேர்தலில் வென்ற அவர்களுடைய தலைவர்களே உதவி கேட்டார்கள். போர் டிசம்பரில் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. அடுத்த மார்ச்சில் படை வெளியேறியது. இந்தியாவுக்கும் அதில் ஆதாயம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆதாயம் இருப்பதாலேயே ஒரு தலையீடு அநியாயமாகிவிடாது. துன்பப்படுகிறவர்கள் கேட்டார்களா, வந்த வேலை முடிந்ததும் படை கிளம்பியதா, அத்துமீறிய சிப்பாயை யார் தண்டிப்பார் என்பவையே என் அளவுகோல். முதல் இரண்டிலும் வங்கம் தேறியது. ஈழத்தில் மூன்றிலும் தோற்றோம்.

இந்தத் தோல்வியைக் காட்டி, எங்கேயும் யாரும் தலையிடவே கூடாது என்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. 2009இல் இலங்கைப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய தமிழர்களுக்காக ஒருவரும் வரவில்லை. இறுதிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அன்று படை இறங்கியிருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஒரு போர் நிறுத்தத்துக்கும், மக்கள் வெளியேற ஒரு வழிக்கும் டெல்லி தன் முழு பலத்தையும் காட்டியிருக்க வேண்டும். பூமாலை விமானங்கள் பறந்த அதே கடலுக்கு மேலே அதைச் செய்ய இடம் இருந்தது.

இங்கே நம் பக்கத்தில் பரமத்தியிலும் தாரமங்கலத்திலும் அகதி முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் இன்றும் வாழ்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைச் சொல்கிறது, இலங்கையைச் சொல்லவில்லை. இலங்கைத் தமிழர்கள் பேரால் கடல் தாண்டிப் படை அனுப்பிய அரசு, தன் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு ஒரு சட்டத் திருத்தத்தால் செய்யக்கூடியதை முதலில் செய்யட்டும்.