முப்பதாயிரத்துக்குள் முதல் ரோடு சைக்கிள்: காரைக்கால் கரையில் ஒரு சோதனை ஓட்டம்

பெட்ரோல் விலை குறைவு என்று தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வந்து, காரைக்கால் பங்க்குகளில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சைக்கிள் வாங்குகிறவருக்கு அந்த எல்லைச் சலுகை கிடையாது. ஜிஎஸ்டி நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. வரிக்கு முன் 25,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு முன்பு 28,000 கொடுக்க வேண்டும், இப்போது 26,250. மிச்சமாகும் 1,750 ரூபாயில் ஒரு ஹெல்மெட் வாங்கிவிடலாம்.

ரோடு சைக்கிள் வாங்கும் ஆசை இந்தப் பக்கம் மெல்லப் பரவுகிறது. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. புதுச்சேரியின் வளாகம் இருக்கிறது; மாணவர்கள் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். காரைக்காலுக்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலர், டாக்டர் சொன்னதாலோ பெட்ரோல் செலவாலோ, சைக்கிள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முப்பதாயிரத்துக்குள் உருப்படியான ரோடு சைக்கிள் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இந்தச் சமவெளியில் கியர் எண்ணிக்கைக்காகக் காசு கொடுப்பது வீண். உங்கள் உடலுக்கேற்ற அளவு, டயரின் அகலம், உள்ளூரிலேயே முடிகிற ரிப்பேர் ஆகியவற்றுக்குக் காசு கொடுங்கள். அந்த முடிவுக்கு வந்த கதைதான் கீழே.

ஓட்டிப் பார்த்த வண்டி

பிரான்ஸைச் சேர்ந்த டெக்கத்லான் நிறுவனத்தின் டிரைபன் ஆர்.சி.100. வளைந்த ஹேண்டில்பார் உள்ள சைக்கிள்களில், இந்தப் பட்ஜெட்டைச் சுற்றி வருகிறவர்கள் முதலில் பார்க்கும் மாடல் இதுதான். நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கி, வடக்கே நண்டலாற்றைத் தாண்டித் தரங்கம்பாடி வரைக்கும், தெற்கே கோட்டுச்சேரி வழியாகக் காரைக்கால் வரைக்கும், இடையில் வயல்களுக்குள் புகும் உள்சாலைகளிலும் ஓட்டினேன்.

சட்டம் அலுமினியம், முன் ஃபோர்க் இரும்பு. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு. 32 மில்லிமீட்டர் அகல டயர், ரிம்மைப் பிடிக்கும் பிரேக். விலையுயர்ந்த ரோடு சைக்கிள்களில் பிரேக் லீவரிலேயே கியர் மாற்றும் வசதி சேர்ந்திருக்கும். இதில் கியர் லீவர் தனி. கியர் மாற்ற, பிரேக்கில் இருக்கும் கையை எடுக்க வேண்டும். பொறையாறு கடைத்தெரு மாதிரி நெரிசலான இடத்தில் இது எரிச்சல் தரும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் இரண்டொரு நாளில் பழகிப்போகும்.

ஏழு கியர் போதுமா?

கடைக்காரர்கள் முதலில் சொல்வது கியர் எண்ணிக்கையைத்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டியில்கூட 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்கவேண்டாம். அந்த விலையில் அத்தனையும் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் மலிவான சரக்காகத்தான் இருக்கும். அந்த சஸ்பென்ஷன், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் 44 பல், பின்னால் 14 பல் என்றால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் 3.14 சுற்றுச் சுற்றும். 32 மி.மீ. டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல். பின்னால் 28 பல்லுக்கு மாற்றினால் அதே மிதிக்கு 16 கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காரைக்கால் மாவட்டம் முழுவதும் அடங்குகிறது. இங்கே ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். கொல்லிமலை ஏறப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. நமக்கு ஏழு கியர் தாராளம். முன்னால் ஒரே பல்சக்கரம் என்பதால் கோளாறாகும் பாகங்களும் குறைவு.

எடை விஷயத்திலும் இதே கதைதான். இரண்டு கிலோ குறைவான வண்டிக்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். 65 கிலோ ஆளும் 11 கிலோ வண்டியும் சேர்ந்தால் 76 கிலோ. அதில் இரண்டு கிலோ குறைந்தால் மூன்று சதவீதம்கூட இல்லை. மலை ஏறுகிறவருக்கு அது தெரியும். தட்டையான சாலையில் தெரியாது.

இங்கே மலை என்பது காற்று

தட்டையான சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 கி.மீ. வேகத்தில் போகும்போது 15 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், உடம்பு சந்திப்பது 35 கி.மீ. காற்று. காற்றில்லாத நாளைவிட எதிர்ப்பு மூன்று மடங்கு.

வளைந்த ஹேண்டில்பார் காசுக்குத் தகுதியாவது இங்கேதான். வாடைக்காலத்தில் தரங்கம்பாடியை நோக்கி மிதிக்கும்போது கைகளைக் கீழ் வளைவுக்கு இறக்கி உடம்பைத் தாழ்த்தினால், அதே உழைப்பில் வேகம் கூடுவது உடனே தெரிகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் மார்பே பாய்மரமாகிவிடும். தவிர, மேலே, லீவர் மேட்டில், கீழ் வளைவில் என்று கையை மாற்றி மாற்றி வைக்கலாம் என்பதால் நீண்ட ஓட்டத்தில் மணிக்கட்டு மரத்துப் போவதில்லை.

புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. வாடைக்கு வடக்கே போய் வீட்டுக்கு வாருங்கள். சோழகம் வீசும் நாட்களில் தெற்கே போங்கள். களைத்த காலோடு எதிர்க்காற்றில் வீடு திரும்புவதைப் போலச் சைக்கிளை வெறுக்க வைப்பது வேறில்லை.

முள், மணல், வைக்கோல்

ரோடு சைக்கிள் என்றாலே விரலளவு டயர்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. 25 மி.மீ. டயர் இந்த ஊருக்கு வேண்டாம். சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். அதன் முள் கிடக்காத உள்சாலை இல்லை. மாசி மகத்துக்குச் சுவாமி கடலாடப் போகிற பக்கமாகப் போனால் தார் மேல் மணல் படிந்திருக்கும். மெல்லிய டயர் வழுக்கும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மிச்சப் பாதியில் கிடக்கும் வைக்கோல், பின்னால் செயினைக் கியர் மாற்றும் டீரெய்லருக்குள் சுற்றிக்கொண்டால் இறங்கி, கையால் உருவித்தான் எடுக்க வேண்டும். சுற்றிய வைக்கோலோடு மிதித்தால் டீரெய்லர் வளைந்துவிடும்.

32 மி.மீ. டயர் இவற்றையெல்லாம் ஓரளவு தாங்குகிறது. 65 கிலோ ஆளுக்கு 60 முதல் 65 பிஎஸ்ஐ காற்று போதும். குழிகளில் முதுகு தப்பிக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவு வரைக்கும் அடிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

டியூப் எங்கே கிடைக்கும்?

வாங்கும்போது எவரும் கேட்காத, வாங்கிய பிறகு எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நம்மூர் கடைகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்குவது 28 அங்குல டயர், அப்பா ஓட்டிய கறுப்புச் சைக்கிளுக்கானது. அதன் ரிம் விட்டம் 635 மி.மீ. ரோடு சைக்கிளின் 700சி ரிம் 622 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். டயரை மாற்றிப் போட முடியாது. வால்வும் வேறாக இருக்கலாம். நம் பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு. ரோடு சைக்கிளில் மெல்லிய பிரெஞ்சு வால்வோ, மோட்டார் சைக்கிளில் வருகிற தடித்த வால்வோ இருக்கும். பிரெஞ்சு வால்வு என்றால் கடையில் இருக்கும் பம்ப் சேராது; விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

“ரேஸ் வண்டியா தம்பி? டியூப்ப மட்டும் நீங்களே கொண்டாந்துருங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார் வரிச்சிக்குடிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவர் சொன்னதுதான் சரியான ஏற்பாடு. பஞ்சர் ஒட்டுவது, ரிம் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை மாற்றுவது, ஓவராயில் செய்வது எல்லாம் நம்மூர் கைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கியர் சரிசெய்வதை மட்டும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஆலன் கீ செட்டும் போதும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வண்டி பெட்டியில் முக்கால்வாசி மாட்டிய நிலையில் வரும். ஹேண்டில்பாரும் பெடலும் நீங்கள் மாட்ட வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை தேய்ந்து கிராங்கே வீணாகிவிடும்.

உப்புக்காற்றுக்கு வைத்தியம்

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் வண்டியின் முதல் எதிரி துருதான். அலுமினியச் சட்டம் செந்துரு பிடிக்காது. ஆனால் இரும்பு ஃபோர்க், போல்ட்டுகள், செயின், மலிவான கம்பிகள் பிடிக்கும். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். வாங்கிய வாரமே சீட்டுத் தண்டை உருவிக் கிரீஸ் தடவிப் போடுங்கள். கடலோரம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் எடுத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாளாகி பல்சக்கரத்தைத் தின்னும். மழையில் ரிம் பிரேக் பிடிக்க ஒரு கணம் தாமதமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு எடுக்காமல் வாங்காதீர்கள்

செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது. தொடக்கத்துக்கு இது போதும், பிறகு உடம்பு சொல்வதைக் கேட்டுச் சற்று ஏற்றி இறக்கலாம். பொருந்தாத அளவில் தள்ளுபடிக்குக் கிடைக்கிறது என்று வாங்கிய வண்டி முழங்காலுக்கு வினையாகும்.

வேறு வழிகள்

ஹைப்ரிட்: நேரான ஹேண்டில்பார், 700சி சக்கரம். 1949-ல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் மோன்ட்ரா முதல் பல பிராண்டுகள் தருகின்றன. வளாகத்துக்குள் சுற்றவும் கடைத்தெருவுக்குப் போகவும் இதுவே மேல். முப்பது கிலோமீட்டருக்கு மேல் எதிர்க்காற்றில் ஓட்டும்போதுதான் ரோடு சைக்கிளின் அருமை தெரியும்.

பழைய வண்டி: சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆசைக்கு வாங்கி, ஆறு மாதத்தில் மாடிப்படிக்கடியில் போட்டவர்கள் ஏராளம். அவர்களிடம் பாதி விலைக்குப் பேசலாம். சட்டத்தின் ஒட்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

பணத்தைப் பிரிப்பது

கையில் 30,000 இருந்தால் முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஐந்தாறாயிரம் தனியே இருக்கட்டும்: ஹெல்மெட், முன்பின் விளக்கு, நின்று அடிக்கும் பம்ப், இரண்டு உபரி டியூப், டயர் லீவர், நல்ல பூட்டு. விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விடியற்காலையில் தேசிய நெடுஞ்சாலையில் பேருந்துகளோடும், தெற்கே கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளோடும் சாலையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள். உங்கள் கறுப்புச் சட்டையை அந்த டிரைவர் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு

பிடித்தது: 32 மி.மீ. டயர், சிக்கலில்லாத ஒற்றைப் பல்சக்கரம், காற்றுக்கு ஏற்ற அமர்வு. பிடிக்காதது: தனியாக இருக்கும் கியர் லீவர், உப்புக்காற்றில் கண் வைத்துக்கொண்டே இருக்கவேண்டிய இரும்பு ஃபோர்க்.

வாரத்தில் சில காலைகளில் தரங்கம்பாடியோ காரைக்காலோ போய்வர, எப்போதாவது வேளாங்கண்ணி வரை ஒரு நீண்ட ஓட்டம் போக நினைக்கும் டெல்டாக்காரருக்கு இந்த வகை வண்டி போதுமானது. இதைவிட விலை கூடியது முதல் வண்டியாகத் தேவையே இல்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் ஹைப்ரிட் வாங்கிக் காசை மிச்சம் பிடிக்கலாம். எதை வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் தெருச் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விற்றவர் மறந்துபோன பிறகும் அந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.