உள்ளே 31, வெளியே 29

வெளித் தாழ்வாரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, உள்ளே மேசையில் ஒரு மணிக்கூடு. இரண்டுக்கும் நடுவே கம்பியில்லை. வெளியே தொங்குவது காற்றின் சூட்டை உணர்ந்து, நிமிடத்துக்கு ஒரு தடவையளவில் 433 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையில் சொல்லி அனுப்புகிறது. உள்ளே இருப்பது அதைக் கேட்டு, நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறது. திருகோணமலை வீடொன்றுக்கு இப்படியொரு வயர்லெஸ் வெப்பமானி மணிக்கூடு வாங்கப் போகிறவர் அவசரப்படக் கூடாது. கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, கொஞ்சம் மயங்கி நின்றுவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும்.

முதலில் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். ஒற்றை எண் சூட்டைச் சொல்லும். அருகருகே நிற்கும் இரண்டு எண்களோ வீட்டின் குணத்தையே சொல்லிவிடும். உவர்மலையில் கொங்கிரீற் தட்டுப் போட்ட வீடு பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு ஒன்பது மணிக்கும் மெல்ல மெல்ல உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ஓட்டு வீடு பொழுது சாய்ந்ததுமே ஆறத் தொடங்கும். ஆனி மாதத்து நண்பகலில் வெளியே 34, உள்ளே 31. சன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறோம். மாலை சரியச் சரிய வெளியெண் படியிறங்குகிறது: 32.4, 31.8, 31.3. உள்ளெண் அசையாமல் காத்து நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு விலகும் அந்த நொடி இருக்கிறதே, இந்தக் கருவியின் அழகெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கிறது. இனி வெளியேதான் குளிர்ச்சி. சன்னல்களை அகலத் திறக்கலாம். உடம்புக்கு அது தெரிய இன்னும் அரை மணிநேரமாவது ஆகும்.

புள்ளிக்குப் பின்னால் வரும் அந்தக் குட்டி இலக்கத்தை மட்டும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். பத்தில் ஒரு பாகை வரை காட்டினாலும் இந்த வகைக் கருவிகள் ஒரு பாகை கூடவோ குறையவோ சொல்லக்கூடியவை. ஆகவே சுவரில் மாட்டுவதற்கு முன், இரண்டையும் ஒரே மேசையில் ஓரிரு மணிநேரம் சேர்த்து வைத்துப் பாருங்கள். எது எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். சின்ன வேறுபாட்டைச் சுவைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. வாளியோடு ஒவ்வொன்றாய்ப் போய் அள்ளி ஊற்றி, இதுதான் பதம், இல்லையில்லை அதுதான் என்று வாதாடுகிறவர்களுக்கு அரைப் பாகையின் அருமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய அம்பு இருக்கும். மேல்நோக்கினால் சூடு ஏறுகிறது, கீழ்நோக்கினால் இறங்குகிறது. கச்சான் காலத்தில் அந்த அம்பைக் கண்ணெடுக்காமல் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கச் சரிவில் இறங்க இறங்கச் சூடேறி, வறண்டு, கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. மட்டக்களப்பில் சில நாட்களில் அது கடற்காற்றையே உள்ளே விடாமல் தடுத்து, பகல் வெப்பத்தை 37 பாகைக்கு மேலே கொண்டுபோய்விடும். நமது குடாவிலும் நடப்பது அதே மல்லுக்கட்டுத்தான். கடற்காற்று வென்று நுழைகிற பிற்பகலில் அம்பு சட்டென்று தலைகீழாகத் திரும்பும். வேப்பிலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று அப்போது எட்டிப் பாருங்கள்.

வெளிப் பெட்டியின் உடலைத் தடவிப் பார்ப்பதும் ஓர் இன்பம். நல்ல பெட்டியில் கீழ்நோக்கிச் சரிந்த நுண்ணிய பிளவுகள் இருக்கும்: காற்று நுழையும், மழைத்துளி நுழையாது. வானிலை நிலையங்களில் நிற்கும் வெள்ளைச் சலாகைப் பெட்டியின் பேரப்பிள்ளை அது. அந்த மூத்த பெட்டியை வடிவமைத்த தோமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்குகள் கட்டிய ஸ்கொட்லாந்துப் பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சனின் தகப்பன். கடலோர ஊர் வீட்டுக்குப் பொருத்தமான பரம்பரைதான்! கூடவே பற்றரி அறையின் மூடியையும் பாருங்கள். ஓரத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் உப்புக் காற்று உள்ளே புகுந்து தகடுகளைப் பச்சை பூக்கவைத்துவிடும்.

பெட்டியை வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லும் வழிகாட்டித் தாள். ஐரோப்பாவுக்கு அது சரி. இங்கே சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதன்பின் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. கோடை உக்கிரமாக இருக்கும் மாதங்களில் வடக்குச் சுவருக்குத்தான் வெயில். ஆழமான தாழ்வாரத்து நிழலைத் தேடிப் பிடியுங்கள், திசை எதுவானாலும்.

ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய மிகக் குறைந்த வெப்பமும் மிகக் கூடிய வெப்பமும் வரும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் சிக்ஸ் வளைந்த கண்ணாடிக் குழாயும் பாதரசமும் கொண்டு செய்த வேலையை இன்று ஒரு விரல் செய்துவிடுகிறது. மழைக்காலத்துத் தை மாதத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே நான்கு பாகைதான் இருக்கும்: விடியலில் 24, பகலில் 28. ஆனி ஆடியில் இடைவெளி எட்டு, ஒன்பது என்று விரியும். பருவத்தை அறிய நாட்காட்டியே தேவையில்லை.

ஜேர்மனியிலிருந்து உறவுக்காரர் கொண்டுவரும் மணிக்கூடுகள் தனி அழகு. பிராங்க்பர்ட் அருகே மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹேர்ட்ஸில் வரும் நேரச் சமிக்ஞையைக் கேட்டுத் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளப் பிறந்தவை அவை. அந்தக் குரலின் எட்டு சுமார் 2000 கிலோமீற்றர். நமது துறைமுகம் அதற்கு வெகு தூரம். இரவில் சின்னக் கோபுரப் படம் மினுக்கி மினுக்கித் தேடி, பிறகு அடங்கிவிடும். பலவற்றில் நேர வலயத்தை முழு மணிக்கணக்கில் மட்டுமே மாற்ற முடிவதால், நமது ஐந்தரைக்கு இடமிருக்காது. கையால் திருத்தினால் ஒழுங்காக ஓடும். 1996 மே மாதத்தில் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, ஒக்ரோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணியையும் திருப்பித் தந்த நாடு இது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டே கலியாணத்துக்குப் போனவர்களுக்கு அரை மணி ஒரு பொருட்டா?

திரையில் எனக்குப் பிடித்தது சாம்பல் நிறத்துப் பழைய வகைதான். வண்ணத்திரை கண்ணைப் பறிக்கும், ஆனால் எப்போதும் ஒளிர அதற்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது, விசிறியும் நின்றுபோன அறையில் உள்ளெண்ணைத் தெரிந்துகொள்ள மெழுகுதிரி வெளிச்சம் போதுமாயிருந்தது சாம்பல் திரைக்குத்தான்.

மூலையில் ஒரு முகம் இருக்கும், ஈரப்பதன் இதமாக இருந்தால் சிரிக்கும். இதம் என்பதற்கு அது வைத்திருக்கும் எல்லை பெரும்பாலும் 40 முதல் 60 வீதம் வரை. ஆகையால் நம்மூரில் அது அனேகமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கும். தொண்டை வறளக் கச்சான் அடிக்கும் நண்பகலில் மட்டும் வாய் கொள்ளாமல் சிரிக்கும். அந்தக் குறும்புக்காகவே முகமுள்ளதை வாங்கலாம்.

கொஞ்சம் விலை கூடியவை காற்றழுத்தத்தையும் அளந்து சூரியன், முகில், மழை என்று படம் போடும். இதிலும் ஒரு நயம் ஒளிந்திருக்கிறது. அயனமண்டலத்துக் காற்றுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு: காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சி, விடிகாலை நான்குக்கும் மாலை நான்குக்கும் அடி, இடையில் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல். கடல்கூட ஒரு மீற்றர் ஏறி இறங்காத இந்தத் துறைமுகத்தில், தலைக்கு மேலே இத்தனை ஒழுங்காக ஒரு வற்றுப்பெருக்கு! அழுத்தக் கோடு வரையும் கருவி கிடைத்தால் அந்த இரட்டை அலையைப் பார்ப்பதற்கென்றே கூடுதல் காசு கொடுக்கலாம். அழுத்தம் இறங்கினாலே மழை என்று கணக்குப்போடும் கருவிக்கு இந்த நாளாந்த அலை புரியாது. அது பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு முகிலைக் காட்டினால், கொடியில் காயும் உடுப்பை அள்ளிக்கொண்டு ஓட வேண்டாம்.