ஆர்கானிக் பனியனும் சாயத் தண்ணியும்

"100% ஆர்கானிக் காட்டன்" என்று டேக் தொங்கும் பனியனை வாங்குகிறவர் இரண்டு விஷயத்தை நம்பி வாங்குகிறார். ஒண்ணு, பருத்தி ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாம விளைஞ்சது. இன்னொண்ணு, இந்த பனியனால எந்த ஊரும் கெடலை. டேக் சொல்றது முதல் விஷயத்தை மட்டும்தான். ரெண்டாவது நாமளா சேர்த்துக்கறது.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நொய்யல் கெட்டது சாயக்கழிவால. பாசனத்துக்காக 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே சாயத் தண்ணி தேங்கற குட்டை ஆயிடுச்சு. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' நிலைக்கு வந்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை.

இதுல ஆர்கானிக் பருத்திக்கு என்ன சலுகை? ஒண்ணுமில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேணும். கருப்பு, நேவி மாதிரி அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போடுவாங்க. எந்தப் பருத்தியா இருந்தாலும் இதே கணக்குதான். உப்பு துணியில் தங்காது, கழிவுத் தண்ணியோட போயிடும். ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் ஒழுங்கா ஓடலைன்னா அது ஆத்துக்கும் கிணத்துக்கும்தான் வரும்.

முத்திரைகளிலும் வித்தியாசம் இருக்கு. ஓ.சி.எஸ். என்பது துணியில் ஆர்கானிக் இழை எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். காட்ஸ் எனும் ஜி.ஓ.டி.எஸ். சாயம், கழிவுநீர் சுத்திகரிப்பு, தொழிலாளர் நிலை வரைக்கும் போகும். அதில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீத ஆர்கானிக் இழை வேணும். 'மேட் வித் ஆர்கானிக்' என்றால் 70 போதும்.

அப்ப காட்ஸ் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாமா? 2020 அக்டோபரில் அந்த அமைப்பே ஒரு மோசடியை வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று. அரசு இணையதளம் மாதிரியே ஒரு போலித் தளம் செஞ்சு, க்யூஆர் கோடு அங்கே போற மாதிரி வெச்சிருந்தாங்க. 11 கம்பெனிகளுக்குத் தடை விழுந்தது. மென்பொருள் பாஷையில் சொன்னா, முதல் என்ட்ரியே பொய்யா இருந்தா பின்னாடி எத்தனை செக் வெச்சும் பிரயோஜனமில்லை. வெளுத்து சாயம் ஏறின துணியில் மரபணு மாற்று விதையான்னு சோதிச்சுக் கண்டுபிடிக்கறதும் கஷ்டம்.

அதுக்காக ஆர்கானிக்கே ஏமாத்து வேலை என்று நான் சொல்லலை. மருந்தடிக்காத காடு விவசாயிக்கு நல்லதுதான். ஆனா கூடுதல் காசு கொடுக்கும்போது முத்திரையில் சான்று நிறுவனத்தின் பேரும் லைசென்ஸ் நம்பரும் இருக்கான்னு பாருங்க, அந்த நம்பரை காட்ஸ் தளத்தில் போட்டுத் தேடுங்க. முடிஞ்சா சாயமேத்தாத பனியனையோ வெளிர் கலரையோ எடுங்க. நொய்யலுக்கு அதுல ஏதோ கொஞ்சம் நிஜமாவே மிச்சம்.