மணலில் ஒற்றைக் காலடி

எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பக்கம் வந்ததும் எனக்குப் புல்லரித்துவிடும். டேனியல் டீஃபோ 1719-இல் எழுதிய ‘ராபின்சன் குரூசோ’வில், நட்டநடுப் பகலில் படகைப் பார்க்கக் கிளம்பிய குரூசோ கடற்கரை மணலில் ஒரே ஒரு வெறுங்கால் தடத்தைக் கண்டு உறைந்து நிற்கும் இடம். விரல், குதிகால் எல்லாம் அச்சாகப் பதிந்திருக்கின்றன. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான், மேட்டில் ஏறிப் பார்க்கிறான். ஆள் அரவமே இல்லை.

ஆளில்லாத தீவில் தனியாகச் சிக்கி, பதினைந்து வருடமாக மனித முகம் பார்க்காதவன் அவன். கிளிக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொடுத்து, அது கூப்பிடுவதைக் கேட்டு ஆறுதல் பட்டவன். காலடியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாமா? ஓட்டம் பிடிக்கிறான்! வழியில் புதரும் மரக்கட்டையும் ஆளாகத் தெரிகின்றன. ஏணி ஏறி வீட்டுக்குள் போனானா, பாறைத் துளை வழியாக நுழைந்தானா என்பது மறுநாள் காலையில்கூட ஞாபகம் வரவில்லை. பயத்தை இதைவிட நுணுக்கமாக எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை.

மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. பால் கறக்காமல் ஆடுகள் தவிக்குமே என்றுதான் மெல்ல வெளியே வருகிறான். ஒருவேளை அது தன் கால்தானோ என்று நப்பாசை. போய்த் தன் காலை வைத்துப் பார்க்கிறான். தடம் எவ்வளவோ பெரிது. அவ்வளவுதான், ஆள் இருக்கும் அடையாளமே தெரியக் கூடாதென்று ஆடுகளை அவிழ்த்துவிடலாமா, பயிரை அழித்துவிடலாமா என்று தவிக்கிறான். பாடுபட்டுத் தேடியதையெல்லாம் தன் கையாலேயே அழிக்க நினைக்கிறானே!

பள்ளி நாளில் இதைக் கோழைத்தனம் என்றே நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது பின்னால் வரும் கப்பல் காட்சி. புயலில் ஒரு கப்பல் பாறையில் மோதி உடைகிறது. ஒருத்தன், ஒரே ஒருத்தனாவது பிழைத்திருக்கக் கூடாதா என்று புலம்புகிறான் குரூசோ. கைகள் தாமாக இறுகுகின்றன. மிருதுவான பொருள் ஏதும் கையில் இருந்திருந்தால் நசுங்கியிருக்குமாம். பற்கள் கிட்டிப்போகின்றன. காலடியைக் கண்டு ஓடியவனும் இவனேதான். மனிதர்கள் வேண்டும் என்ற தவிப்பு அவனுக்குள் அத்தனை வருடமும் இருந்தது. யாரோ ஒருவர் தன்னைப் பார்த்துவிடுவார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்தாரே டீஃபோ, அதற்கே அவரைக் கும்பிடலாம்.

நான் சிறுவயதில் படித்த சுருக்கப் பதிப்பில் அந்தக் கை இறுகும் இடமே இல்லை. தயவுசெய்து முழுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்.