மூன்று முடிவுகள்

நெய்யூர்க்காரனுக்கு மலையாளம் அந்நிய பாஷை அல்ல. 1956 நவம்பர் 1 வரை எங்கள் பிரதேசம் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. இன்றும் களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளந்தான். ஆகவே இரண்டு பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி காதலிக்கும் கதை என்றதும் எனக்கு ஞாபகம் வருபவை மூன்று மலையாளப் படங்கள்.

வி. டி. நந்தகுமாரின் நாவலை வைத்து மோகன் 1978-ல் எடுத்த 'ரண்டு பெண்குட்டிகள்' முதலாவது. அந்தக் காதலை வயதின் சபலம் என்று கொண்டு, கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டாவது, பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' (1986). நிம்மியும் ஸாலியும் பள்ளிக்கூட உல்லாசப் பயணத்திலிருந்து ஓடிப் போகிறார்கள். அவர்களுக்குள் இருப்பது இன்னதென்று பத்மராஜன் பெயர் சொல்வதில்லை. படத்துக்கு அது அழகுதான். ஆனால் கடைசியில் இருவரும் செத்துப் போகிறார்கள்.

மூன்றாவது, லிஜி புல்லாப்பள்ளியின் 'சஞ்சாரம்' (2004). கிரண் இந்துப் பெண். டிலைலா கிறிஸ்தவப் பெண். டிலைலாவை விரும்பும் ராஜனுக்காகக் காதல் கடிதம் எழுதிக் கொடுப்பவள் கிரண். நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டிய இடம் இது. தன் மனத்தில் உள்ளதைத் தானே சொல்ல அவளுக்கு ஓர் ஆணின் பெயர் வேண்டியிருக்கிறது! விஷயம் தெரிந்ததும் டிலைலாவுக்கு அவசரமாகக் கல்யாணம் ஏற்பாடாகிறது. கிரண் பள்ளத்தின் விளிம்புவரை போகிறாள், குதிக்காமல் திரும்புகிறாள்.

கலை என்று பார்த்தால் பத்மராஜன் படமே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். 'சஞ்சார'த்தில் பெரியவர்கள் பலர் கதைக்குத் தேவையான அளவுக்கு மேல் உயிர் பெறவில்லை. இருந்தும் வாசகருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

அம்பிகாபதியும் அமராவதியும் சாகவில்லையா என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் ஆண்-பெண் காதலில் செத்தவர்கள் கதை ஒன்றென்றால், சேர்ந்து வாழ்ந்து சண்டை போட்டுக் கிழவர்களானவர்கள் கதை நூறு உண்டு. படிக்கிற பெண் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கிரணைப் போன்ற பதினாறு வயதுப் பெண்ணோ, தன்னை உயிரோடு விட்டுவைக்கும் கதை ஒன்றுக்கு எவ்வளவு தேட வேண்டியிருக்கிறது!

வயது வந்தவர்களின் இத்தகைய உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. சட்டத்தின் வேலை அவ்வளவுதான். விளிம்பிலிருந்து திரும்பிய பெண் மறுநாள் காலையில் என்ன செய்தாள், எந்த ஊருக்குப் போனாள், யாரோடு சாப்பிட்டாள் என்று சொல்வது எங்கள் வேலை. அதை நாங்கள் இன்னும் சரிவரச் செய்யவில்லை.