கட்டைக்கு மேலே ஒரு சாண்

கிராப்பி மீன் பிடிக்கப் போகிறவர் முதலில் மறக்க வேண்டியது இழுப்பை. தக்கை முங்கும், தங்கூசி விறைக்கும், உடனே கை வெட்டி இழுக்கும். கெளுத்தியும் விராலும் பிடித்து வளர்ந்த என் கைக்குத் தெரிந்த தூண்டில் இதுதான். கிராப்பி அப்படிக் கடிப்பதில்லை. அது கீழிருந்து எழும்பி, இரையை வாய்க்குள் உறிஞ்சிக்கொண்டு, அதே போக்கில் இன்னும் கொஞ்சம் மேலே வருகிறது. ஈயத்தின் கனத்தை மீனே ஏந்திக்கொள்வதால், நிமிர்ந்து நின்ற தக்கை சாய்ந்து தண்ணீர்மேல் படுத்துவிடும். தக்கை இல்லாமல் பிடித்தால் தங்கூசி லேசாகத் தொய்யும். அவ்வளவுதான். முதல் நாள் அப்படிப் பத்துத் தடவை தொய்ந்திருக்கும்; ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தொய்வைக் கண்டுகொள்ள நான் கற்றது ரீல்ஃபுட் ஏரியில். மெம்ஃபிஸிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலை. இந்த ஏரியின் பிறப்பைத் தெரிந்துகொண்டு போனால் தூண்டில் போடுவதே வேறு அனுபவமாகிவிடும். 1811 டிசம்பர் 16ஆம் தேதி நியூ மாட்ரிட் வட்டாரத்தில் தொடங்கிய நிலநடுக்கங்கள் 1812 பிப்ரவரி 7ஆம் தேதி உச்சத்துக்குப் போயின. மிசிசிப்பி ஆறு சற்று நேரம் பின்னோக்கி ஓடியதாக, அப்போது ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆற்றுக்குக் கிழக்கே காடாக நின்ற நிலம் தாழ்ந்தது. தண்ணீர் வந்து நிறைந்தது. சைப்ரஸ் மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின. ஏரியின் சராசரி ஆழம் ஐந்தடிதான். மிக ஆழமான இடத்திலும் பதினெட்டடியைத் தாண்டாது. ஆகவே அந்தக் காட்டின் அடிமரங்கள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பல இடங்களில் ஒரு முழ ஆழத்தில், இன்றும் நிற்கின்றன. சைப்ரஸின் வைரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. தண்ணீருக்குள் கிடப்பது அதன் ஆயுளை இன்னும் கூட்டுகிறது.

கரையோரங்களில் உயிருள்ள சைப்ரஸ்களும் தண்ணீரிலேயே நிற்கின்றன. அடி பருத்து, சுற்றிலும் முழங்கால் மடக்கியதுபோல வேர் முண்டுகள். இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாகி உதிர்ந்துவிடும் ஊசியிலைகள், வசந்தத்தில் இளம்பச்சையாகத் திரும்பி வரும். கிராப்பி கரைக்கு வருவதும் அதே நாட்களில்தான். தண்ணீர் 16 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஆண் மீன்கள் ஆழம் குறைந்த இடத்தில், மரத்தடியிலும் வேர் முண்டுகளின் ஓரத்திலும், கூடு துப்புரவாக்கத் தொடங்குகின்றன. முட்டைக்குக் காவல் நிற்பதும் ஆண்தான். அந்தப் பருவத்தில் அதன் உடல் கறுத்துவிடும். கரையில் டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்தால் கிராப்பி வந்துவிட்டது என்பது தென் மாநிலத்துத் தூண்டில்காரர்களின் கணக்கு. நாள்காட்டியைவிட இதை நம்பலாம்.

மீன் ஏன் மரத்தை அண்டுகிறது? மூழ்கிய மரத்தில் பாசி படிகிறது. பாசியில் பூச்சிப் புழுக்கள், அவற்றைத் தேடிக் குஞ்சு மீன்கள், குஞ்சு மீன்களுக்காகக் கிராப்பி. அதோடு நிழலும் கிடைக்கிறது. கிராப்பிக்குக் கண்கள் பெரியவை, தலையில் சற்று மேலே அமைந்தவை. நிழலுக்குள் அசையாமல் நின்று, மேலே வெளிச்சத்தில் கடக்கும் இரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனக்குக் கீழே போய்விட்ட இரையை அது பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை கைக்கு வந்த மாதிரி. இரை மீனுக்கு மேலே இருக்க வேண்டும்.

பத்தடி, பன்னிரண்டடி நீளக் கோல் போதும். நுனியில் மெல்லிய தங்கூசி, அதில் ஒரு ஜிக்: ஈயத் தலையோடு வார்த்த முள், வாலில் கொஞ்சம் இறகு அல்லது ரப்பர். அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிராமுக்கும் குறைவு. படகைக் கட்டையிலிருந்து ஒரு கோல் தூரம் தள்ளியே நிறுத்துங்கள். ஜிக்கை நேர் கீழே இறக்குங்கள், வீச வேண்டாம். ஈயம் எதையாவது தொடும்வரை பொறுங்கள். சேறு என்றால் சத்தமில்லாமல் அமுங்கும். மரம் என்றால் விரலில் ஒரு 'டொக்' கேட்கும். காதுக்கு எட்டாது, விரலுக்குத்தான் கேட்கும். அங்கிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். ஆட்ட வேண்டாம். கை நாடி துடிப்பதே கோல் வழியாக இறங்கி இறகை அசைக்கும்.

இப்படியே கட்டையைச் சுற்றித் தடவிக்கொண்டு வந்தால் அதன் உருவம் மெல்ல மனதில் எழும். இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் ஒரு கிளை முறிந்த இடம், நடுவே பொந்து. பொந்துக்குள்ளும் இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. வெயில் ஏற ஏற நிழல் இடம் மாறும், அதோடு மீனும் மாறும். காலையில் மேற்குப் பக்கம் கடித்த மீன் மாலையில் கிழக்குப் பக்கம் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் இருபது கட்டைகளை அவசரமாக மேய்கிறார்கள். இரண்டே கட்டைகளோடு ஒரு பகல் முழுக்க இருந்து பாருங்கள் என்பேன். இப்போது தண்ணீருக்குள் நிற்கும் மீனையே திரையில் நேரலையாகக் காட்டும் சோனார் கருவிகள் வந்துவிட்டன. அதனால் நிறைய மீன் பிடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் விரலால் தடவித் தெரிந்துகொண்ட மரத்தை அந்தத் திரையில் பார்த்தபோது எனக்கு ஏதோ பறிபோனது போலிருந்தது. முதல் பருவத்திலாவது அது இல்லாமல் போங்கள்.

ஜிக் மரத்தில் மாட்டும்; மாட்டாமல் இருந்தால் நீங்கள் மரத்துக்கு அருகிலேயே போகவில்லை என்று அர்த்தம். இழுத்தால் முள் இன்னும் ஆழமாக ஏறும். தங்கூசியைத் தளரவிட்டு நுனியை மெல்லக் குலுக்கினால் ஈயத்தின் கனத்திலேயே பெரும்பாலும் கழன்று விழும். மீன் மாட்டினாலும் அதே பொறுமைதான் வேண்டும். கிராப்பிக்குக் காகித வாய் என்றே பெயர். உதட்டைச் சுற்றியுள்ள சவ்வு அவ்வளவு மெல்லியது. சுண்டி இழுத்தால் கிழிந்துவிடும். கோலை நிதானமாக உயர்த்தி, கைவலையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்ததும் கூடையில் போட்டுவிடாதீர்கள். வெயிலில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளியில் பச்சையும் ஊதாவும் ஓடும். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். ஐந்தோ ஆறோ இருந்தால் வெள்ளைக் கிராப்பி. அதன் விலாவில் புள்ளிகள் செங்குத்துப் பட்டைகளாக இறங்கும். ஏழோ எட்டோ என்றால் கறுப்புக் கிராப்பி. அதில் புள்ளிகள் மிளகைத் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். லூயிசியானாவில் இதே மீனுக்கு சக்கலே என்று பெயர். சாக்டா பழங்குடியினரின் சொல்லைப் பிரெஞ்சு பேசியவர்கள் தங்கள் காதுக்கேற்ப 'பால் மூட்டை' என்று பொருள்படும்படி மாற்றிக்கொண்டார்கள். வெந்த சதையின் வெண்மையைப் பார்த்தால் அந்தப் பெயரும் பொருத்தமாகவே படும். சோளமாவில் புரட்டிப் பொரிப்பது அந்த ஊர் வழக்கம். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டும் பொரித்திருக்கிறேன்; இந்த மென்மையான சதைக்கு மசாலா அதிகம், சோளமாவே சரி.

ஏரியில் கிடைத்தால் ஸ்டம்ப்ஜம்பர் படகில் ஒரு முறை ஏறுங்கள். பெயரே கட்டை தாண்டி என்பதுதான். ஒடுக்கமான உடல், கட்டைகள்மேல் வழுக்கிப் போகும் அடிப்பாகம். துடுப்பு நடுவில் கீல் வைத்தது, அதனால் வலிப்பவர் முன்னே பார்த்துக்கொண்டே வலிக்கலாம். கட்டைகள் நிறைந்த நீரில் முதுகைக் காட்டிக்கொண்டு போக முடியாது அல்லவா? டிப்டன்வில் ஊரில் தலைமுறை தலைமுறையாக இந்தப் படகுகளைக் கட்டிவந்த குடும்பத்தின் டேல் கால்ஹூனுக்கு 1998இல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது.

இந்தத் தண்ணீரில் யாரும் தூண்டில் போடலாம் என்ற நிலை எளிதில் வந்ததல்ல. ஒரு நிலக் கம்பெனி ஏரியைத் தனதாக்க முயன்றபோது, 1908இல் முகமூடியணிந்த உள்ளூர்க்காரர்கள் இரவுகளில் குதிரையேறிக் கலகம் செய்தார்கள். அந்தக் கம்பெனியின் வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்டார். பிறகுதான் ஏரி மாநில அரசின் கைக்கு, பொதுச் சொத்தாக வந்தது.

சாயங்காலம் காற்று அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். சைப்ரஸ்களின் நிழல் நீண்டு அடுத்த கட்டையைத் தொடும். தண்ணீர் அசையாததால் தக்கையும் அசையாது. கோலைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருங்கள். அது சாயத் தொடங்கும்போது, இழுக்காமல், மெல்லத் தூக்குங்கள்.