சிட்டையும் பேரேடும்

தோன்றியதை உடனே குறித்து வை என்று எழுத வருகிறவர்களிடம் சொல்லாத மூத்தவர் கிடையாது. அதற்குச் சான்றாக அடிக்கடி இழுத்து வரப்படுபவர் ஓட்டோ லோவி, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த மருந்தியல் பேராசிரியர். 1920 ஈஸ்டர் சமயத்தில் ஓர் இரவு தூக்கத்தில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. எழுந்து விளக்கைப் போட்டு, துண்டுத் தாளில் கிறுக்கி வைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனார். காலையில் அந்தக் கிறுக்கல் அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்பி வந்தது. இந்த முறை நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இரண்டு தவளைகளின் இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். அதுவும் துடிப்பைக் குறைத்துக்கொண்டது. நரம்பு வேதிப்பொருள் வழியாகத் தகவல் அனுப்புகிறது என்று காட்டிய இந்தப் பணிக்காக 1936இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

இதைப் போய்க் குறிப்பெடுப்பதன் வெற்றிக் கதையாக எப்படிச் சொல்கிறார்களோ! குறிப்பு தோற்றுவிட்டது. கனவுதான் மனமிரங்கி இரண்டாம் தரம் வந்தது. போதாததற்கு, நரம்பின் வேலையில் வேதிப்பொருளுக்குப் பங்கிருக்கலாம் என்ற ஊகம் லோவிக்கு 1903 வாக்கிலேயே எழுந்து, பிறகு மறந்தும் போயிருந்தது. நல்ல எண்ணம் எப்படியும் திரும்பி வரும் என்கிறவர்கள் இந்தக் கதையைத் தங்கள் கட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். திரும்பி வரப் பதினேழு வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் நிதானமாக யோசித்திருந்தால் அந்தச் சோதனையைத் தள்ளியிருப்பேன் என்று லோவியே பின்னாளில் சொன்னார். எழுதிவைத்து விடியும்வரை காத்திருக்காமல் உடனே கிளம்பிப் போனதால்தான் காரியம் நடந்தது.

அந்தத் துண்டுத் தாள் ஏன் தோற்றது? கையெழுத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எழுதுகிற நேரத்தில் சூழல் முழுக்க மண்டைக்குள் இருக்கிறது. அதனால் ஒரு சொல் போதும் என்று தோன்றிவிடுகிறது. இரவு ஒன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒருவர் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தி இது என்று வைத்துக்கொள்வோம்: ‘கிணறு, சித்தப்பா, சாவி.’ காலையில் மூன்று சொற்களும் இருக்கும், கதை இருக்காது. அதையே ‘வீட்டை விற்ற கோபத்தில் சாவியைக் கிணற்றில் போட்ட சித்தப்பா, மறுநாள் கிணறு இறைக்க ஆள் தேடுகிறார்’ என்று எழுதியிருந்தால் பத்து வருடம் கழித்தும் எடுத்து எழுதலாம். முதலாவதில் பெயர்ச்சொற்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன. இரண்டாவதில் யாரோ ஒருவர் எதையோ செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறார். கூடுதலாக ஆகும் நேரம் அரை நிமிடம்.

குறிப்பு சுருங்கிப்போனால் யார் தலையில் விடியும் என்பதற்கு ராமானுஜனைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. தாள் வாங்கக் காசில்லாத காலத்தில் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழி சிலேட்டோடு போயிற்று. ஊர் மட்டும் நோட்டில் தங்கியது. அவர் 1920இல் இறந்தார். அந்த நோட்டுகளில் இருந்ததையெல்லாம் நிரூபித்துத் தொகுத்த புரூஸ் பெர்ண்ட்டின் ஐந்து தொகுதிகள் 1985இலிருந்து 1998 வரை வந்தன. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த ‘தொலைந்த நோட்டு’ தனிக் கதை. அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள், ஏறக்குறைய எதற்கும் நிரூபணம் இல்லை. அதை நிரூபித்துத் தொகுத்த நூல்வரிசையின் ஐந்தாம் தொகுதி வந்தது 2018இல். ராமானுஜனின் நோட்டு இல்லையென்றால் இந்தக் கணிதமே நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் அவர் மனம் எந்தத் தடத்தில் நடந்தது என்பது இன்றுவரை ஊகம்தான். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதைக் காகித விலை தீர்மானித்திருக்கிறது.

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். ஆங்கில ராக் இசைக்கலைஞர்கள் லெனனும் மெக்கார்ட்னியும் தொடக்க காலத்தில் பாட்டுக் கட்டியபோது பதிவுக் கருவி வைத்திருக்கவில்லை. காலையில் நமக்கே நினைவில்லாத மெட்டு மற்றவர்களுக்கு எப்படி நினைவிருக்கும் என்பது அவர்கள் கட்சி. கேட்க அழகாக இருக்கிறது. மெட்டுக்கு அது பொருந்தவும் செய்கிறது, ஒட்டிக்கொள்வதே மெட்டின் வேலை என்பதால். ஆனால் மறந்துபோன மெட்டுகள் எதுவும் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை. 1965இல் ராக் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் ஓர் இரவு பாதித் தூக்கத்தில் கிடாரில் எதையோ வாசித்துவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் கேசட் கடைசிவரை ஓடியிருந்தது. கொஞ்சம் கிடார், மீதி முழுக்கக் குறட்டை. ‘சாடிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டின் அந்தப் புகழ்பெற்ற தொடக்கம் அதில்தான் இருந்தது. வாசித்ததே அவருக்கு நினைவில்லை. மறதியைச் சல்லடையாக நம்பியிருந்தால் அது போயே போயிருக்கும்.

மெக்கார்ட்னியிடம் கற்க வேண்டியது வேறொன்று. ‘யெஸ்டர்டே’ மெட்டு தூக்கத்தில் வந்தபோது கட்டில் அருகிலேயே பியானோ இருந்தது. மெட்டைப் பிடித்துக்கொண்டார், வார்த்தை வரவில்லை. முட்டைப் பொரியலைப் பற்றி ஏதோ உளறலைப் போட்டு நிரப்பி வைத்தார். உண்மையான வரிகள் வர மாதக்கணக்கில் ஆயிற்று. நம் பாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. எம்.எஸ். விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு தத்தகாரம் பாட, கண்ணதாசன் அதற்கு வரி சொல்வார். தத்தகாரம் என்பது ஓட்டையை ஓட்டையாகவே விட்டுப் பிடித்து வைக்கிற உத்தி. முழுசாக வரட்டும் என்று காத்திருக்கிறவனுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

அந்த அறையில் இன்னொருவரும் இருப்பார். கவிஞர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் உதவியாளர்; நெடுங்காலம் அது பஞ்சு அருணாசலம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை புராணச் செய்யுட்களை வாயால் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதியதை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். யோசிக்கிறவர் ஒருவர், பிடிக்கிறவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்திருந்தால் ஓட்டம் தடைபடாது. குறை என்னவென்றால் நம்மில் யாருக்கும் பஞ்சு அருணாசலம் கிடையாது.

கைபேசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிலேட்டுக் காலத்தின் நெருக்கடி போய் இப்போது எதிர்த்திசையில் நெருக்கடி. எல்லாவற்றையும் பிடித்து வைக்கலாம் என்பதால் எதையும் திரும்பப் பார்ப்பதில்லை. ஸ்க்ரீன்ஷாட், குரல் பதிவு, பாதி வரி, இன்னொருவர் சொன்ன வரி எல்லாம் ஒரே குவியல். உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருட்களை மக்கள், வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுத்தபோது அந்த நட்டம் இல்லை. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் கைகழுவிவிடுகிறது. நின்று கவனித்தால் கைகழுவுவதில்லை.

நம் கடைத்தெருவில் இதற்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. நாள் முழுக்க வந்ததைச் சிட்டையில் கிறுக்கு, பிறகு பேரேட்டில் ஏற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லிக்டன்பெர்க், ஆங்கில வணிகர்களின் இதே வழக்கத்தைச் சுட்டிக்காட்டி, எழுத்தாளனும் அப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் சிட்டை எழுதினார், அபாரமான சிட்டை. அவர் எண்ணியிருந்த நாவல்தான் முடியவே இல்லை. அவர் இறந்த பிறகு அச்சேறிப் புகழ் கொண்டுவந்தது சிட்டைதான். அதை வெற்றி என்றும் சொல்லலாம். எனக்கு அது பேரேடு எழுதாமல் விட்ட கடையாகவும் தெரிகிறது.

பேரேட்டை ஒழுங்காக எழுதியவர் டார்வின். முப்பது நாற்பது பெரிய கோப்புறைகள், பெயர் ஒட்டிய அலமாரித் தட்டுகள். ஒரு பொருளைப் பற்றி எழுத உட்காரும் முன் பழைய குறிப்புகளின் அட்டவணைகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, புதிதாக ஒன்று தயாரிப்பார். அதைவிடப் பெரிது அவர் பொன்விதியாக வைத்திருந்த ஒரு பழக்கம். தன் முடிவுகளுக்கு எதிரான உண்மையோ எண்ணமோ கண்ணில் பட்டால், அதைத் தவறாமல் அந்தக் கணமே எழுதிவிடுவார். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் நினைவை விட்டு நழுவும் என்று அனுபவத்தில் கண்டதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார்.

நழுவும் எண்ணங்களைப் பற்றிப் பேசும்போது அழகான வரி, அபூர்வ மெட்டு, கனவில் வந்த காட்சி என்றே பேசுகிறோம். அவை போனால் வருத்தம். போகட்டும், நமக்குப் பிடித்தமானவை என்பதால் மனம் அவற்றைத் தேடிக்கொண்டாவது இருக்கும். நமக்குப் பிடிக்காத எண்ணத்தை மனம் தேடாது, போனதே தெரியாது. பாதி எழுதிய நாவலில் கதாநாயகி அப்படிச் செய்திருக்கவே மாட்டாள் என்று குளிக்கும்போது ஒரு கணம் உறைப்பது, கட்டுரையின் நடுத்தூணே ஆடுகிறது என்று பேருந்தில் தோன்றுவது, இவையெல்லாம் தலை துவட்டுவதற்குள் காணாமல் போகும் சாதி. குறிப்பெடுக்கும் பழக்கத்துக்கு உறுதியான நியாயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஆறாம் அத்தியாயம் முழுக்கத் தன் கோட்பாட்டில் உள்ள சிக்கல்களுக்கே டார்வின் ஒதுக்கினார்: இடைப்பட்ட வடிவங்கள் எங்கே, கண் போன்ற ஓர் உறுப்பு படிப்படியாக எப்படி வந்திருக்க முடியும். தனக்கு எதிராகப் பிறர் எழுப்பிய ஆட்சேபங்களில், தான் முன்பே கவனித்துப் பதில் சொல்ல முயலாதவை மிகச் சிலவே என்று பின்னாளில் எழுதியபோது, அதற்குக் காரணமாக அவர் சொன்னது இந்தப் பழக்கத்தைத்தான்.